கரையில் இடம் இருந்தும் ஏரிக்குள் தீவு கட்டிக் குடியேறியது ஏன்? – கிரானாக் இழை

ஊர்சுற்றி சேகர்:
ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் நன்னீர் ஏரிகளுக்குள் கிரானாக் என்று ஒன்று இருக்கிறது. தமிழில் இதைப் பற்றி யாரும் விலாவாரியாகப் பேசி நான் பார்த்ததில்லை, அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். கல், மரம், சுள்ளி, மண் என்று கிடைத்ததையெல்லாம் ஏரிக்குள் கொட்டியோ, அடியில் மரத்தூண்களை இறக்கி மேலே தளம் பரப்பியோ, ஆட்களே ஒரு குட்டித் தீவை உண்டாக்கி அதன்மேல் வட்டவடிவக் கூரை வீடு போட்டுக் குடியிருந்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் பல நூறு இருக்கின்றன, அயர்லாந்தில் ஆயிரத்துக்கும் மேல். இன்று போய்ப் பார்த்தால் பெரும்பாலும் புதர் மண்டிய கல்மேடுதான் தெரியும். பாதி தண்ணீருக்குள்ளேயே கிடக்கும், சொன்னால்தான் மனிதன் செய்தது என்றே தெரியும்.

என் கேள்வி ஒன்றுதான். லாக் டே ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள், 23 கிலோமீட்டர் நீளம், இரண்டு பக்கமும் கரை. அங்கே வீடு கட்ட இடமா இல்லை? எதற்காக இத்தனை பாடுபட்டுத் தண்ணீருக்குள் போய் உட்கார வேண்டும்? எங்கே படித்தாலும் "பாதுகாப்புக்காக" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ அது ஒட்டவில்லை.

பரணி:
ஏன் ஒட்டவில்லை அண்ணா? ஓநாய் இருந்த காலம், கரடியும் இருந்திருக்கலாம். அதைவிட ஆடுமாடு கவர்ந்து போகிற கூட்டம். கரையிலிருந்து தீவுக்கு ஒரு பாலம், ராத்திரியில் அதில் ஒரு பலகையை எடுத்துவிட்டால் போதும், நிம்மதியாகத் தூங்கலாம். சுற்றி அகழி வெட்டுகிற வேலையை ஏரியே செய்து கொடுத்துவிடுகிறது. இதில் என்ன மர்மம்?

ஊர்சுற்றி சேகர்:
தம்பி, மாட்டைக் கவர வருபவனுக்கு மாடு வேண்டும், நீ வேண்டாம். பத்திருபது மீட்டர் அகலத் தீவில் உன் மந்தை முழுவதையும் ஏற்றிவிட முடியுமா? மாடு கரையில் நிற்கும், நீ மட்டும் பத்திரமாகத் தண்ணீருக்கு நடுவில் இருந்துகொண்டு அவன் ஓட்டிப் போவதை வேடிக்கை பார்ப்பாய். அப்புறம், கூரை வேய்ந்த மரவீடு. கரையிலிருந்து ஒரு தீப்பந்தம் போதாதா?

ஹைலாண்ட் செல்வி:
லாக் டே என்றதும் வந்துவிட்டேன். நான் இருக்கும் இடத்திலிருந்து பக்கம்தான், விருந்தாளி யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிப்போவேன்.

அந்த ஏரியில் மட்டும் 18 கிரானாக் இருந்ததற்கான தடயங்களை முக்குளித்துப் பார்த்துக் குறித்திருக்கிறார்கள். அதில் ஓக்பேங்க் என்ற ஒன்றைத் தொல்லியலாளர் நிக்கோலஸ் டிக்சன் 1980-இல் தோண்டத் தொடங்கினார். தோண்டுவது என்றால் நீருக்கடியில்தான், அதுவும் அந்தக் குளிர்ந்த தண்ணீரில். சுமார் 2500 ஆண்டுகளுக்கு முந்தையது, அதாவது இரும்புக் காலத் தொடக்கம். ஆல்டர் மரத்தூண்கள் இன்னும் நிற்கின்றன, சிலவற்றில் கோடரி வெட்டிய முகம்கூட மழுங்காமல் இருந்திருக்கிறது. காற்றுப் படாத சேற்றில் புதைந்தால் மரம் மக்குவதில்லை, அவ்வளவுதான் சூட்சுமம்.

கரையில் தோண்டும் வீடுகளில் பானை ஓடும் கல்லும்தான் மிஞ்சும். இங்கே கிடைத்த பட்டியலைக் கேளுங்கள்: துடுப்பு, துணித்துண்டு, ஹேசல் கொட்டை ஓடு, காட்டுச் செர்ரிக் கொட்டைகள், ஸ்பெல்ட் கோதுமை, ஆட்டுப் புழுக்கை. எனக்கு மிகவும் பிடித்தது ஒரு மரத்தட்டு. வெண்ணெய் வைத்திருந்த தட்டு, உள்பக்கத்தில் அந்த வெண்ணெயின் படிவு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது! யாரோ கடைசியாக வழித்து எடுத்துவிட்டுக் கழுவாமல் போட்டுவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன், ஆராய்ச்சியாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. தரையில் மரக்கட்டைகளை அடுக்கி அதன்மேல் பெரணியைப் பரப்பியிருக்கிறார்கள், பழசாகி நாற ஆரம்பித்தால் மேலேயே புதுசு போட்டுக்கொள்வது.

ஆட்டுப் புழுக்கை வீட்டுக்குள்ளேயே கிடைத்தது என்பதைச் சேகர் அண்ணா கவனிக்கவும். மந்தை முழுவதும் ஏறாது, சரி. ஆனால் குட்டி போட்டதையும் பால் கறப்பதையும் உள்ளே கொண்டுவந்து கட்டியிருக்கலாம் இல்லையா?

பரணி:
நன்றி அக்கா! இதைத்தான் நானும் சொல்கிறேன்.

ஹைலாண்ட் செல்வி:
அவசரப்படாதே பரணி. ஓக்பேங்கில் கரையிலிருந்து நடந்து வர மரப்பாலம் இருந்திருக்கிறது, அதன் தூண்களும் கிடைத்திருக்கின்றன. எதிரிக்குப் பயந்து தண்ணீருக்குள் போனவன் கதவு வரை பாதை போட்டா வைப்பான்? டே ஏரியின் கிரானாக்குகள் பல நல்ல விளைநிலத்துக்கு நேர் எதிரே இருக்கின்றன. ஆக எனக்குத் தெரிவது ஒரு பண்ணை வீடு. வயல் கரையில், வீடு தண்ணீரில். கரையில் தட்டையான நிலம் கொஞ்சம்தான், அதை வீட்டுக்காக வீணாக்கவேண்டாம் என்று நினைத்திருக்கலாம் என்றுகூட ஒரு கருத்து உண்டு.

மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கிறது, புத்தகத்தில் எழுதமாட்டார்கள். இங்கே கோடையில் மிட்ஜ் என்று ஒரு பொடிக்கொசு வரும். கரையில் நின்றால் பிய்த்துத் தின்றுவிடும், காற்று வீசுகிற இடத்துக்கு வராது. ஒரு ஜூலை மாத மாலையில் வந்து நின்று பாருங்கள், நீங்களே ஏரிக்குள் வீடு கட்டக் கிளம்பிவிடுவீர்கள்.

கொத்தனார் பேரன்:
கொசுவுக்காகக் கட்டினான் என்றால் என் கட்சி அதுதான், ஓட்டு போட்டுவிட்டேன் 😄

சீரியஸாக, நான் சிவில். சேகர் சார் "இத்தனை பாடு" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டார், அதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். ஏரியடி என்பது பாறை இல்லை, பெரும்பாலும் களிச்சேறு. அதில் வெறும் கல்லைக் கொட்டினால் போட்டது போட்டபடி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அதனால் பல இடங்களில் முதலில் சுள்ளிக் கட்டு, கிளை, பீட் மண், மரக்கட்டை என்று குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, சுற்றிலும் தூண் அடித்துச் சரியாமல் பிடித்து, அதன்மேல்தான் கல் ஏற்றியிருக்கிறார்கள். எடை ஓரிடத்தில் குத்தாமல் பரவிவிடும். சதுப்பில் சாலை போட, ஆற்றங்கரை அரிக்காமல் தடுக்க இன்றைக்கும் சுள்ளிக்கட்டு மெத்தை போடுகிறோம், அதே யுக்தி.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. ஸ்காட்லாந்தின் அயர்ஷயரில் பியூஸ்டன் என்று ஒரு கிரானாக் இருக்கிறது. 1880 வாக்கில் ராபர்ட் மன்றோ என்ற டாக்டர் ஒருமுறை தோண்டினார், பிறகு தொல்லியலாளர் ஆன் குரோன் குழு மறுபடி ஆராய்ந்தது. மரத்துக்குள் வருஷத்துக்கு ஒன்றாக விழும் வளையத்தை வைத்து வயது பார்த்ததில் 6-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 7-ஆம் நூற்றாண்டிலும் வெட்டிய மரங்கள். அந்தத் தீவு தன் பாரத்தாலேயே அமுங்கியிருக்கிறது, ஓரங்கள் சரிந்திருக்கின்றன, அவர்களும் விடாமல் தூண் மேல் தூணாக அடித்து, தரையை உயர்த்தி உயர்த்தி ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். கட்டி முடித்தோம் என்று கையைத் தட்டிவிட்டுப் போகிற சமாச்சாரம் இல்லை, ஆயுள் முழுக்கப் பராமரிப்பு. இவ்வளவு செலவை வெறும் பயத்துக்காக ஒருவன் தலைமுறை தலைமுறையாகச் செய்வான் என்று எனக்குத் தோன்றவில்லை. கரையில் ஒரு மண்மதில் இதைவிட மலிவு.

ஊர்சுற்றி சேகர்:
அருமை தம்பி, இந்தக் கோணம்தான் வேண்டியிருந்தது. தூணை எப்படி இறக்கியிருப்பார்கள்? பாரம் தூக்கிப் போட்டா?

கொத்தனார் பேரன்:
சேற்றுத் தரை என்றால் அடிக்க வேண்டியதில்லை. கூர்முனையை ஊன்றி, மேலே குறுக்குக் கட்டை கட்டி, ஆட்கள் இப்படியும் அப்படியுமாகத் திருகினால் தன் எடையிலேயே இறங்கும். லாக் டேயில் மாதிரி வீடு கட்டினபோது இந்த வழியைத்தான் கடைப்பிடித்தார்கள் என்று படித்தேன். செல்வி மேடம் பார்த்திருப்பார்களே, சொல்லட்டும்.

ஹைலாண்ட் செல்வி:
ஆமாம், அங்கே வழிகாட்டிகள் அப்படித்தான் விளக்குவார்கள். ஓக்பேங்கை மாதிரியாக வைத்து ஏரிக்குள் முழு அளவில் ஒன்றைக் கட்டி 1997-இல் திறந்தார்கள், கென்மோர் ஊருக்குப் பக்கத்தில். உள்ளே நுழைந்தால் அரையிருட்டு, காலடியில் பெரணி சரசரக்கும், தளத்துக்குக் கீழே தண்ணீர் அலம்புகிற சத்தம் பேச்சினிடையே கேட்டுக்கொண்டே இருக்கும். அடுப்பு நடுவில். புகைபோக்கி கிடையாது, புகை கூரை வழியாகக் கசிந்து போகும்.

2021 ஜூன் 11 ராத்திரி தீப்பிடித்தது. சில நிமிடங்களில் முழு வீடும் போய்விட்டது, காலையில் கருகிய தூண்கள்தான் நின்றன. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை, அசல் பொருட்களும் கரைக் கட்டடத்தில் இருந்ததால் தப்பின. பிறகு அதே ஏரியின் வடகரையில் டாலர்ப் என்ற இடத்தில் 2024-இல் புது மையத்தைத் திறந்தார்கள்.

பரணி தம்பிக்கு: சேகர் அண்ணா சொன்ன தீப்பந்தத்துக்குப் பதில் இதில் இருக்கிறது. சுற்றி அத்தனை தண்ணீர் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பரணி:
சரி, ஒத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் யோசிக்கிறேன் 🙂

வாசுகி டீச்சர்:
வரலாற்றுப் பக்கம் யாரும் போகவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்காட்லாந்தின் இரும்புக்காலப் பண்ணை வீட்டை மட்டும் வைத்துப் பேசினால் பாதிப் படம்தான் கிடைக்கும். அயர்லாந்துக்கு வாருங்கள். அங்கே பெரும்பான்மை கி.பி. 6-ஆம் நூற்றாண்டிலிருந்து 11-ஆம் நூற்றாண்டு வரைக்கும் உட்பட்டவை, சில நேரடியாக அரசர்களுடையவை.

மீத் மாவட்டத்தில் லகோர் என்று ஓர் இடம். தெற்கு பிரேகா என்ற சிறு நாட்டு அரசர்களின் இருப்பிடம். 1839-இல் அது கவனத்துக்கு வந்த விதமே ஒரு கதை. ஏரி வற்றிப் போன அந்த நிலத்தில் ஊர்க்காரர்கள் மாட்டெலும்பைத் தோண்டி வண்டி வண்டியாக உரத்துக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். கூடவே வெண்கலமும் இரும்புமாகப் பழம்பொருட்கள் வந்து டப்ளின் சந்தையில் தலைகாட்ட, பழம்பொருள் ஆய்வாளர் ஜார்ஜ் பெட்ரியும் வில்லியம் வைல்டும் (எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் அப்பா, கண் மருத்துவர்) எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனார்கள். முறையான அகழாய்வு நடக்க 1934 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஹார்வர்ட் குழுவின் ஹியூ ஹென்கன் வந்து செய்தார். அதற்குள் எத்தனை போயிற்றோ.

நான் சொல்ல வருவது அந்த எலும்புதான். வண்டிக்கணக்கில் மாட்டெலும்பு என்றால் ஒரு குடும்பம் தின்று போட்டதா? அரசன் விருந்து வைக்கிறான், சிற்றரசர்கள் மாடு கொண்டுவந்து கட்டுகிறார்கள், ஏரி நடுவில் அறுத்து ஆக்கிப் பரிமாறுகிறார்கள். அந்தச் சமூகத்தில் மாடுதான் சொத்து, மாட்டை வைத்துத்தான் மதிப்பு. யார் பாலத்தைத் தாண்டி உள்ளே வரலாம், யார் கரையிலேயே நிற்க வேண்டும் என்று முடிவுசெய்யும் அதிகாரம் கையில் இருந்தால் போதும், மதில் எதற்கு?

கொத்தனார் பேரன்:
டீச்சர், இதற்கு அறிவியல் சான்றும் வந்திருக்கிறது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வில் கிரானாக்கைத் தோண்டாமல், பக்கத்தில் ஏரியடிச் சேற்றைக் குழாயால் எடுத்து அதிலிருந்த மரபணுத் துணுக்குகளைப் படித்திருக்கிறார்கள். அயர்லாந்துப் பக்கம் யோன் ஏரி, ஸ்காட்லாந்தில் மர்ட்டனின் வெள்ளை ஏரி. மாடு, ஆடு, பன்றி எல்லாம் தெரிகிறது, மலக்கழிவின் வேதித் தடயங்களும் தெரிகின்றன. அதாவது தீவிலேயே வளர்த்திருக்கிறார்கள், அறுத்திருக்கிறார்கள், எல்லாக் கழிவும் நேரே ஏரிக்குள். ஏரியின் தண்ணீரே கெட்டுப்போய் அங்கிருந்த உயிர்ச்சூழல் மாறியது வரை சேற்றில் பதிவாகியிருக்கிறது. "பழங்காலத்தவர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தார்கள்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிற சித்தப்பாவுக்கு இதைப் பதிலாக அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

புதுமுகம்:
இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன், நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகம். இதுவும் பெருவில் டிட்டிகாக்கா ஏரியில் நாணல் தீவில் வாழ்கிறார்களே, அதுவும் ஒன்றா? மணிப்பூர் லோக்தாக் ஏரியிலும் குடிசை பார்த்திருக்கிறேன். சுவிட்சர்லாந்திலும் ஏதோ உண்டாமே?

ஊர்சுற்றி சேகர்:
வாங்க. டிட்டிகாக்காவில் உரோஸ் மக்களின் தீவும், லோக்தாக்கில் பும்தி என்ற மிதக்கும் தாவரத் திட்டுமேல் இருக்கும் குடிசையும் மிதப்பவை, இது ஏரியடியில் ஊன்றியது. சுவிட்சர்லாந்தைப் பற்றி டீச்சர் சொல்லட்டும்.

வாசுகி டீச்சர்:
ஆல்ப்ஸ் ஏரிக்காரர்கள் தீவு கட்டவில்லை, ஏரிக்கரையோரச் சதுப்பில் தூண் நட்டு ஊராகவே வாழ்ந்தார்கள். 1853-54 குளிர்காலத்தில் சூரிச் ஏரி மட்டம் மிகவும் இறங்கியபோது ஓபர்மைலன் என்ற இடத்தில் தூண்கள் வெளியே தெரிய, ஃபெர்டினாண்ட் கெல்லர் அதைப் பற்றி எழுதினார். அந்த எழுத்தைப் படித்துத்தான் ஐரோப்பா முழுக்க ஏரிவீட்டுப் பித்துப் பிடித்தது, முன்பு சொன்ன மன்றோ டாக்டர் உட்பட. தண்ணீருக்குமேல் பெரிய மேடை போட்டு அதன்மேல் மொத்த ஊர் என்று கெல்லர் கற்பனை செய்ததைப் பின்னால் வந்தவர்கள் கடுமையாக மறுத்தார்கள், பல வீடுகள் ஈரக்கரையில்தான் நின்றன என்றார்கள். இன்று இடத்துக்கு இடம் வேறுபட்டது என்று சமாதானமாகியிருக்கிறார்கள். ஆறு நாடுகளில் 111 இடங்களை 2011-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பரணி:
நான் யோசித்துவிட்டு வந்தேன். ஏரிக்கோட்டைமேல் படையெடுத்ததாகவே பதிவு இல்லை என்றால் தோற்றேன் என்று ஒத்துக்கொள்ளலாம். ஆனால் இருக்கிறதே! வேல்ஸில் லாங்கோர்ஸ் ஏரி. அந்த நாட்டுக்கு அது ஒன்றுதான் தெரிந்த கிரானாக். மரவளையம் 889-893 என்று சொல்கிறது. 916-இல் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்த மெர்சியாவை ஆண்ட ஏதெல்ஃப்ளாட் படையனுப்பி அதை அழித்தாள், உள்ளூர் அரசனின் மனைவியோடு சேர்த்து 34 பேரைப் பிடித்துப் போனாள் என்று ஆங்கிலேயரின் பழைய ஆண்டுக்குறிப்பான ஆங்கிலோ-சாக்சன் நாளாகமத்திலேயே எழுதியிருக்கிறது. கோட்டை இல்லை என்றால் ஏன் படை வர வேண்டும்?

வாசுகி டீச்சர்:
நல்ல எடுத்துக்காட்டு பரணி, ஆனால் அது யாருக்குச் சாதகம் என்று பார். கட்டிய முப்பது வருஷத்துக்குள் போய்விட்டது. அரசன் மனைவி அங்கே இருந்தாள் என்பதால்தான் படை அங்கே போயிற்று, அது அரண்மனை. தோண்டினபோது கிடைத்த துணியைப் பார்த்தால் உனக்கே புரியும். கருகிப்போன லினன் ஆடை, அதில் பட்டுநூலில் பறவையும் சிங்கமுமாக மிக நுணுக்கமான பூவேலை. 9-ஆம், 10-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் மலைநாட்டில் பட்டு என்றால் எத்தனை கைமாறி வந்திருக்கும்! அந்தத் துணிக்காரியை வேண்டுமானால் நாம் அரசி என்று வைத்துக்கொள்ளலாம், உறுதியாகச் சொல்ல வழியில்லை.

லகோரும் இதேபோல்தான். 850-இல் கினெய்த் மக் கோனைங் என்பவன் தன் மேலரசனுக்கு எதிராகக் கிளம்பி, வைக்கிங்குகளை (வடக்கிலிருந்து கப்பலில் வந்த கொள்ளைப்படை) துணைக்குச் சேர்த்துக்கொண்டு அந்தத் தீவைத் தரைமட்டமாக எரித்தான். அடுத்த வருஷமே அவனைப் பிடித்துத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொன்றார்கள். எரிந்த தீவு மறுபடி எழுந்தது, 934-இல் இன்னொரு முறை வைக்கிங்குகளிடம் அழிந்தது. தாக்கினவர்கள் எல்லாரும் வென்றிருக்கிறார்கள் என்றால் அது என்ன கோட்டை?

பரணி:
டீச்சர், தாக்கித் தோற்றவன் கதையை யார் எழுதிவைப்பார்கள்? எரிந்தது மட்டும்தான் செய்தி.

கொத்தனார் பேரன்:
பரணிக்கு ஒரு பாயின்ட் 👏

வாசுகி டீச்சர்:
கொடுக்கலாம், தகும். உன் பக்கத்துக்கு நானே இன்னும் ஒன்று தருகிறேன், நீ ஏனோ அதை எடுக்கவில்லை. 16, 17-ஆம் நூற்றாண்டு. எலிசபெத் அரசியின் படை வடக்கு அயர்லாந்தில் புகுந்தபோது கெய்லிக் தலைவர்கள் (அயர்லாந்தின் சொந்தக் குலத்தலைவர்கள்) பழைய கிரானாக்குகளில் வெடிமருந்தையும் பொருளையும் வைத்துக்கொண்டு எதிர்த்து நின்றார்கள். ரிச்சர்ட் பார்ட்லெட் என்ற நிலப்படக்காரர் 1600-ஐ ஒட்டி வரைந்த படங்களில் ஏரிக்குள் இருக்கும் கிரானாக்கை ஆங்கிலேயர் சுடுவதையே வரைந்திருக்கிறார். ஸ்காட்லாந்தில் 1608-இல் மேற்குத் தீவுகளின் தலைவர்களிடம் கோட்டைகளோடு கிரானாக்கையும் ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டார்கள். அந்தக் காலத்துக்கு நீ சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அதை அப்படியே தூக்கி இரண்டாயிரம் வருஷம் பின்னால் ஓக்பேங்கில் வைக்கக் கூடாது என்பதுதான் என் வாதம். 19-ஆம் நூற்றாண்டில் எழுதினவர்கள் இந்தக் கடைசிக் கட்டத்தைப் படித்துவிட்டுத்தான் எல்லாவற்றையும் கோட்டையாகப் பார்த்தார்கள்.

ஹைலாண்ட் செல்வி:
பின்னால் போவது என்றால் இன்னும் போகலாம் டீச்சர். ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடலில் இருக்கும் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளை யாரும் தொடவில்லை.

அவற்றில் ஒன்றான லூயிஸ் தீவில் கிறிஸ் மரே என்று ஒரு முன்னாள் கடற்படை முக்குளிப்பாளர். 2012-இல் அங்கே ஓர் ஏரிக்குள் இருந்த குட்டித் தீவைச் சுற்றி முங்கிப் பார்த்தால் அடியில் பானைகள், சில கிட்டத்தட்ட முழுசாக. உள்ளூர் அருங்காட்சியகத்துக்குச் சொல்ல, அங்கிருந்த மார்க் எலியட்டும் அவரும் சேர்ந்து வேறு ஏரிகளிலும் தேட, அங்கேயும் இருந்தன. பிறகு டங்கன் கேரோ, ஃப்ரேசர் ஸ்டர்ட் குழு ஆராய்ந்து 2019-இல் ஆன்டிக்விட்டி என்ற தொல்லியல் இதழில் வெளியிட்டது. கார்பன் கணக்கு கி.மு. 3640-3360. புதிய கற்காலம்! ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்களை நிறுத்துவதற்கு ஆயிரம் வருஷம் முந்தி. அதுவரை கிரானாக் என்றாலே கி.மு. 800-க்கு இப்பால் என்றுதான் நினைத்திருந்தார்கள். அதே தீவுக்கூட்டத்தின் வடக்கு யூயிஸ்ட்டில் எயிலன் டோவ்னில் என்ற ஏரித்தீவை 1980-களில் இயன் ஆர்மிட் தோண்டிப் புதிய கற்காலம் என்று சொன்னபோது அதை விதிவிலக்காகத்தான் ஒதுக்கிவைத்தார்கள்.

அந்தப் பானைகள்தான் விஷயம். வெளிப்பக்கம் கரி படிந்திருக்கிறது, உள்ளே தீய்ந்த சாப்பாட்டின் ஒட்டு இருக்கிறது, அதாவது அடுப்பில் ஏறி இறங்கியவை. ஆனால் ஒன்றிரண்டு தவறி விழுந்தது போல இல்லை, தீவைச் சுற்றிலும் கிடக்கின்றன. சாப்பிட்டு முடித்து வேண்டுமென்றே தண்ணீரில் போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். வீடாகவே இல்லாமல் எப்போதாவது கூடுகிற இடமாக இருந்திருக்கலாம், திருவிழாவோ நீத்தார் சடங்கோ.

கொத்தனார் பேரன்:
கரையிலிருந்து பாறையை உருட்டி, படகிலோ தெப்பத்திலோ ஏற்றி, ஏரி நடுவில் கொட்டி... அதுவும் இரும்பே இல்லாத காலத்தில். குடியிருக்கக்கூட இல்லை, சாப்பிட்டுப் பானையைப் போட. மேஸ்திரி என்ன சொல்லித் திட்டியிருப்பார் என்று கேட்க ஆசை.

பரணி:
சரி, புதிய கற்காலத்தை விட்டுவிடுகிறேன். சண்டைக்குக் கட்டினான் என்று அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. இரும்புக்காலத்தை விடமாட்டேன்.

புதுமுகம்:
இதெல்லாம் இப்போது பத்திரமாக இருக்கிறதா? தண்ணீருக்குள்தானே, யார் தொடப்போகிறார்கள்?

வாசுகி டீச்சர்:
தண்ணீர் இருக்கும்வரை பத்திரம். வற்றினால் போயிற்று, சில வருஷத்தில் மரம் சுருங்கிப் பொடியாகிவிடும். ஏரியை வடித்து விளைநிலமாக்கின காலத்தில் நிறைய அப்படித்தான் வெளியே வந்தன. அயர்லாந்தில் காரா ஏரியின் மட்டத்தை 1952-இல் தாழ்த்தினபோது கூட்டம் கூட்டமாகக் கிரானாக்கும் மரத்தோணிகளும் தலைகாட்டின.

பக்கத்துக் காலத்திலேயே ஒன்று நடந்தது, வடக்கு அயர்லாந்தில் என்னிஸ்கில்லன் பக்கம் டிரம்கிளே. சாலை போடும் வழியில் ஒரு கிரானாக் மாட்டிக்கொண்டது. 2012-இல் தோண்ட ஆரம்பித்தார்கள், முதலில் கொடுத்த காலம் போதாது என்று தொல்லியல்காரர்கள் சத்தம் போட்ட பிறகுதான் அவகாசம் நீண்டது. ஆயிரம் வருஷக் குடியிருப்பு, வீட்டுக்குமேல் வீடு, ஆயிரக்கணக்கான பொருட்கள். அடியில் சிலுவை செதுக்கிய மரக்கிண்ணம் ஒன்றும் உண்டு. அவ்வளவு வந்தது, ஆனால் இடம் போய்விட்டது, அதன்மேல் இப்போது சாலை. அவசரமாகத் தோண்டினதில் எதைத் தவறவிட்டார்கள் என்று திரும்பிப் போய்ப் பார்க்க வழியே இல்லை. அறுபது வருஷம் கழித்து வரப்போகிறவன் நம்மைவிட நல்ல கருவியோடு வருவான், அவனுக்கு ஏதாவது மிச்சம் வைக்க வேண்டாமா? இதில் எனக்குக் கோபம்தான்.

கொத்தனார் பேரன்:
சாலை போடுகிறவன் என்ற முறையில் கொஞ்சம் நெளிகிறேன் டீச்சர். ஆனால் பாதை வரையும் முன்னாலேயே சொல்லியிருந்தால் வளைத்துப் போட்டிருக்கலாம், பள்ளம் வெட்டின பிறகு வளைக்க முடியாது. எங்கள் ஆட்களை முதல் நாளே அழைத்து உட்கார வைக்க வேண்டும்.

ஊர்சுற்றி சேகர்:
அடுத்த கோடைக்கு ஸ்காட்லாந்து போகலாம் என்று இருக்கிறேன் செல்வி. லூயிஸ் வரை போய் அந்த ஏரியில் முங்கிப் பார்க்க அனுமதி கிடைக்குமா? ஒரு சின்ன ஓட்டுத்துண்டு கிடைத்தால்கூட...

ஹைலாண்ட் செல்வி:
அண்ணா, ஓட்டுத்துண்டு பேச்சே வேண்டாம்! ஸ்காட்லாந்தில் மண்ணிலோ நீரிலோ எந்தப் பழம்பொருள் கிடைத்தாலும் அரசுடையது, தகவல் சொல்லியாக வேண்டும். மரேயும் அதைத்தான் செய்தார், அதனால்தான் நமக்கு இந்தக் கதையே கிடைத்தது. பானை எந்த ஆழத்தில், தீவின் எந்தப் பக்கம் கிடந்தது என்பது தெரியாவிட்டால் கையில் இருப்பது வெறும் ஓடு.

பார்க்க ஆசை என்றால் கென்மோருக்கு வாருங்கள். புது மையத்தில் ஓக்பேங்க் பொருட்கள் இருக்கின்றன, அந்த வெண்ணெய்த் தட்டைத் தவறவிடாதீர்கள். தச்சுவேலை, கம்பளி நூற்பு எல்லாம் கண்ணெதிரே செய்து காட்டுவார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், மே மாதம் வாருங்கள், காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

பரணி:
அண்ணா, போனால் பாலம் கரையிலிருந்து எவ்வளவு தூரம் இருந்தது என்று கேட்டு வாருங்கள். அம்பு எட்டாத தூரமாக இருந்தால் இழையைத் திரும்பத் திறக்கிறேன்.